ஐடிலிங்கில் நல்ல பிள்ளை

2006 வாக்கில் என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. கார்புரேட்டர் வண்டி. கிருஷ்ணகிரியில் புகைச் சோதனைக்கு விட்டேன். சைலன்சருக்குள் குழாயைச் சொருகினார்கள். ஃபெயில். ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம்-ஐத் தாண்டிவிட்டது. அந்த வயசுக் கார்களுக்கு அதுதான் எல்லை. கார்பன் மோனாக்ஸைடுக்கு 3 சதவிகிதம்.

பக்கத்துப் பட்டறைப் பையன், "பத்தே நிமிஷம் சார், பாஸாக்கிடறேன்" என்றான். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி லேசாகத் திருப்பினான். கார்புரேட்டர் ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினான். இன்ஜின் திணறியது, ஐடிலிங்கை ஏற்றினான். மறுபடி குழாய். பாஸ்!

மேலுமலை ஏற்றத்தில்தான் சந்தோஷம் வடிந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற பாதை சுமார் 400 மீட்டர் மேலே ஏறுகிறது. வண்டியில் இழுவையே இல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பெருமூச்சு விடுகிறது. சரக்கு லாரிகள் என்னை ஓவர்டேக் செய்தன. டெம்பரேச்சர் முள் மேலே மேலே போனது.

பையன் செய்தது இதுதான். பெட்ரோல் பற்றியெரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில டிகிரி முன்பே ஸ்பார்க் விழ வேண்டும். ஊஞ்சல் தள்ளுகிற மாதிரி. தப்பான நேரத்தில் தள்ளினால் கை வலிக்குமே தவிர ஊஞ்சல் போகாது. ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தினால் எரிதல் கடைசிவரை இழுத்துக்கொண்டு எக்ஸாஸ்ட் சூடாகிறது. மிச்சமிருக்கும் ஹைட்ரோகார்பன் போகிற வழியிலேயே எரிந்துவிடுகிறது. மீட்டருக்குப் பரம திருப்தி. சக்கரத்துக்குப் போக வேண்டிய சக்தி சைலன்சர் வழியாகப் போகிறது, நம் பெட்ரோல் காசோடு.

சரி, டைமிங்கை முன்னால் தள்ளினால்? இழுவை வரும். ரொம்பத் தள்ளினால் நாக்கிங் வரும், கூடவே நைட்ரஜன் ஆக்ஸைடுகள். வெயிலில் ஓசோனாக மாறி நுரையீரலை அரிப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. நம் பெட்ரோல் வண்டிகளின் பியூசி எல்லைப் பட்டியலில் அவற்றுக்கு இடமே தரவில்லை. பாரம் ஏற்றி மேடேறும்போதுதான் அவை அதிகம் பிறக்கும். சோதனையோ வண்டியை நிறுத்தி வைத்து நடக்கிறது. பரீட்சை ஹாலில் பையன் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான் என்று மார்க் போடுகிற மாதிரி.

பட்டறைத் தப்புகளும் உண்டு. டைமிங் லைட் வைத்துப் பார்க்கும்போது வாக்குவம் குழாயைக் கழற்றி அடைக்க வேண்டும், ஐடிலிங்கைச் சொன்ன அளவில் வைக்க வேண்டும். பாதிப் பேர் காதாலேயே வைப்பார்கள். ஆர்பிஎம் ஏறியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் தானாகவே ஸ்பார்க்கை முன்னுக்குத் தள்ளியிருக்கும். அதைப் பார்த்து, சரியாக இருந்த டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடுவார்கள். பையனைத் திட்ட மனசில்லை. அவனிடம் நான் கேட்டது சர்ட்டிபிகேட்தானே, ட்யூனிங் இல்லையே!

இப்போது டைமிங்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, திருக ஸ்க்ரூ இல்லை என்பீர்கள். 1998-ல் அமெரிக்காவில் கேட்டர்பில்லர், கம்மின்ஸ் உட்பட ஏழு டீசல் இன்ஜின் கம்பெனிகள் அரசோடு சமரசத்துக்கு வந்தன. லாரி நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது கம்ப்யூட்டர் டீசல் பீய்ச்சும் நேரத்தை மாற்றி, மைலேஜைக் கூட்டி, நைட்ரஜன் ஆக்ஸைடை எகிற விட்டது, சோதனையில் மட்டும் ஒழுங்காக இருந்தது என்பது குற்றச்சாட்டு. சமரசத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 100 கோடி டாலர். நம்ம பையன் வாங்கியது ஐம்பது ரூபாய்.

ஓசூரில் ஒரு பெரியவர் லைட் வைத்து டைமிங்கைச் சரி செய்தார். இழுவை திரும்பி வந்தது. "இப்ப செக் பண்ணா பாஸாகுமாங்க?" என்றேன்.

"பிளக்கு, பில்டரு எல்லாம் மாத்துனா ஆகும். அதுக்கென்ன அவசரம், சர்ட்டிபிகேட்டு ஆறு மாசம் செல்லுமே!" என்றார்.