இளமைப் பெயரும் பந்தய விலங்கும்

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதனைத் தொகுத்து, எவ்வுயிர்க்கு எப்பெயர் உரியது என வரையறுக்கின்றார். நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் குருளை என்பது பெயர். துரத்தும் நாய்க்கும் துரத்தப்படும் முயலுக்கும் பிறந்த பொழுதில் பெயர் ஒன்றே என்பது எண்ணி மகிழத்தக்கது. மக்கட்கு உரியனவாக அவர் கொண்டவை குழவி, மகவு என்னும் இரண்டே. அவையும் மக்களுக்கு மட்டுமே உரியன அல்ல. யானையின் இளமையும் குழவி. குரங்கின் இளமையும் மகவு. சிறுவனும் விலங்கும் ஒருங்கு வளரும் கதைகளை ஆராயப் புகுவார்க்கு இவ்வரிசை தக்கதொரு வாயிலாகும். இளமை இருவர்க்கும் பொது என்பது பெறப்பட்டது. அது நீங்கும் வகையும் பொதுவோ என்பதே ஈண்டு எழும் வினா.

பந்தய நாய் தொழில் நகரத்து விலங்கு. பருத்தி ஆலைகளாற் பெயர்பெற்ற மான்செஸ்டர் நகரில், பெல்வியூ என்னுமிடத்தில், 1926 ஜூலை 24 அன்று பிரிட்டனின் முதல் வட்டக்களப் பந்தயம் நிகழ்ந்தது. நாய்கள் துரத்தியது உயிருள்ள முயலை அன்று. பொறியால் ஓடும் பொய்ம்முயலை. இப்பந்தய உலகைப் பின்புலமாகக் கொண்டு 2005இல் வெளிவந்த 'த மைட்டி செல்ட்' என்னும் திரைப்படத்தில், பெல்பாஸ்ட் நகரச் சிறுவன் ஒருவன் பயிற்றுநரிடம் வேலைக்கு அமர்ந்து, அவருடைய வேட்டைநாயைப் பேணித் தனதாக்கிக்கொள்ள விழைகின்றான். நாயை அறிந்தவன் சிறுவன்; உடையவர் மற்றொருவர். அறிவுக்கும் உடைமைக்கும் இடைப்பட்ட இவ்வெளியிலேதான் இளமை கழிகின்றது எனலாம்.

கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்பர். அதனை அடுத்த திருப்பூரோ பின்னலாடையால் உலகறிந்த ஊர். எனினும் நெசவு பற்றிய இவ்வொப்புமை பந்தயக்களம் வரை நீளவில்லை. கொங்கு நாட்டார் கண்டு களித்த ஓட்டம் காளை பூட்டிய ரேக்ளா வண்டியினது. ஆகவே போட்டிக்குரிய நாயும் சிறுவனும் பற்றிய தமிழ்ப் படைப்பினைத் தேடுவார், கொங்கின் மேற்கெல்லையாகிய நீலகிரியைக் களமாகக் கொண்ட 'ஓ மை டாக்' என்னும் திரைப்படத்தையே முதலில் காண்பர்.

சரோவ் சண்முகம் இயக்கிய இப்படம் 2022 ஏப்ரல் 21 அன்று அமேசான் பிரைம் தளத்தில் வெளிவந்தது. விஜயகுமார், அருண் விஜய், அர்னவ் விஜய் என்னும் மூன்று தலைமுறையினர் அதில் பாட்டன், தந்தை, மகனாகவே நடித்துள்ளனர். நாய் வளர்ப்பில் புகழ்பெற்ற செல்வன் ஒருவன், பிறவிக் குருடு எனக் கண்டு குருளை ஒன்றைக் கழித்துவிடுகின்றான். அதனைச் சிறுவன் அர்ச்சுனன் எடுத்துச் சிம்பா எனப் பெயரிட்டு வளர்க்கின்றான். அறுவை மருத்துவத்தால் அதற்குப் பார்வை கிட்டுகின்றது. போட்டியில் வெற்றியும் கிட்டுகின்றது. சிம்பா சைபீரியன் ஹஸ்கி இனத்தது. 2005இல் இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டுச் சிறப்பித்த இராசபாளையம் நாய் இருக்கும் நாட்டில், பனிநாட்டு நாயைத் தேர்ந்தமைக்கு உதகையின் குளிரையன்றி வேறு காரணம் புலப்படவில்லை.

இக்கதையின் முதற்பகுதி பாராட்டத்தக்கது. பயனற்றது எனப் பெரியவர் ஒதுக்கிய உயிரைச் சிறுவன் பயன் கருதாது ஏற்கின்றான். உடையவன் கைவிட்டமையால் உடைமை வழக்கு அங்கே தானே தீர்ந்துவிடுகின்றது. குறை இங்குதான் தொடங்குகின்றது. பின்னர் வரும் இடர்களெல்லாம் வெளியிலிருந்து வருவன. அவை நீங்குவதும் வெளியிலிருந்தே. கண் திறப்பது நாய்க்கு. சிறுவனுக்கோ திறக்கவேண்டிய கண் எதுவும் படைக்கப்படவில்லை. தொடக்கத்தில் இருந்த நல்ல பிள்ளையே முடிவிலும் நிற்கின்றான். இதனை அன்புக் கதை எனலாம்; வளர்ச்சிக் கதை எனல் பொருந்தாது.

பெருமாள் முருகன் 2000இல் வெளியிட்ட 'கூளமாதாரி' நாவலை இதனருகே வைத்து நோக்குக. களம் கொங்கின் மேட்டுக்காடு. கூளையன் என்னும் சிறுவன் கவுண்டர் ஒருவரிடம் ஆண்டுக் கூலிக்கு ஆடு மேய்க்கின்றான். பட்டியின் ஒவ்வோர் ஆட்டின் குணமும் அவனுக்குத் தெரியும். ஆடு ஒன்றுகூட அவனுடையது அன்று. அவனே அவனுக்கு உரியவன் அல்லன் என்பது அதனினும் கொடியது. பண்ணையக்காரரின் மகன் செல்வன் அவனுக்குத் தோழனுமாவான், ஆண்டையுமாவான். காட்டில் விளையாடும் பொழுது முதல் முறையும், வீட்டு வாயிலில் நிற்கும் பொழுது இரண்டாம் முறையும் வழங்குகின்றன. எம்முறை எப்பொழுது வழங்கும் என்பதைக் கூளையன் கற்கக் கற்க அவனது இளமை தேய்கின்றது. போட்டி இல்லை, பரிசு இல்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் அவன் தோற்கக்கூடிய பந்தயமாகவே ஓடுகின்றது. நாவலின் இறுதியில் கிணற்று நீருக்குள் அவ்விருவரும் கலந்து நிற்கும் இடம், நட்பும் அடிமையும் ஒன்றையொன்று பற்றி மூழ்கும் இடமாகும். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2004இல் வெளிவந்த பின்னர் பிறநாட்டாரும் இதனைப் போற்றினர்.

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லில் பிச்சி சிறுவன் அல்லன், இளைஞன். எனினும் தந்தை அம்புலியைக் குத்தி மாய்த்த காரி என்னும் காளையை அடக்கிய அன்றே அவன் தந்தையின் மகனாக முழுமையடைகின்றான். வென்றவன் பிச்சி. காளையோ ஜமீந்தாருடையது, அதனைச் சுட்டுக் கொல்லும் உரிமையும் அவருடையதே. வெற்றியும் உடைமையும் இருவேறு கைகளில் நிற்பதை ஒரு துப்பாக்கி ஒலியால் உணர்த்திவிடுகின்றார் செல்லப்பா. விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சிறுவர்க்கென எடுத்த படத்தினிடம் இத்துணைக் கடுமையை எதிர்பார்த்தல் முறையோ என வினவுவார் உளர். சிறுவர் உடைமையின் கடுமையை அறியாதார் என்று கொள்வதால் எழும் வினா இது. தான் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த கடாவை நோம்பிக்கு வெட்டக் கண்ட கொங்குச் சிறுவன், எந்த நாவலாசிரியரினும் முன்னதாகவே அதனை அறிந்திருக்கின்றான். அவனுக்கு மகிழ்ச்சியான முடிவு வேண்டாம் என்பதன்று. அம்மகிழ்ச்சிக்கு அவன் கொடுக்கும் விலை கதையில் இருத்தல் வேண்டும். சிம்பாவைத் திரும்பக் கேட்க உடையவனுக்கு நேரிய உரிமை ஒன்று இருந்து, சிறுவன் அதன்முன் நிற்க நேர்ந்திருப்பின், அர்ச்சுனன் ஒரே இரவில் மூப்பு எய்தியிருப்பான்.

திருப்பூரைச் சூழ்ந்த காங்கேயம், தாராபுரம் பகுதிகளின் கொறங்காடுகளில் இன்றும் ஆடு மேய்கின்றது. மேய்ப்பார் வீட்டுப் பிள்ளைகள் பலர் பனியன் கம்பெனிகளுக்குச் சென்றனர். பிசிறு வெட்டும் பிள்ளையின் கைக்கு ஆடையின் ஒவ்வொரு தையலும் தெரியும். ஆடை கடல் கடந்து போய்விடும். ஆட்டுக்குப் பெயரிட்டு அழைக்கலாம், அது திரும்பிப் பார்க்கும். பனியனுக்கு அவ்வாறு பெயரிட இயலாது. சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' முதலாகத் திருப்பூரைப் பாடும் நாவல்களில் இளமை நீங்கும் வகையை ஆராய முற்படும் மாணவர், விலங்கு நின்ற இடத்தில் அங்கு நிற்பது யாது என்பதை முதலில் தேடுதல் வேண்டும்.