காரத்தின் வேலை

ஜொகூர் மாநிலச் சின்னத்தை உற்றுப் பார்த்தால் மிளகும் காம்பிர்ச் செடியும் தெரியும். 1844இல் தெமெங்கோங் இப்ராகிம் ஆற்றோரக் காடுகளைச் சீனக் குடியானவர்களுக்குத் திறந்துவிட்டு, ‘சூராட் சுங்கை’ என்னும் ஆற்றுச் சீட்டுகளை வழங்கத் தொடங்கினார். காம்பிர் இலையைக் காய்ச்சியபின் மிஞ்சும் சக்கைதான் மிளகுக் கொடிக்கு உரம். காங்சூ என்னும் அந்த ஆற்றுச் சீட்டு முறை 1917இல் ஒழிந்தது. அதற்குள் ரப்பரும், ரப்பரோடு நம்மவர்களும் வந்துவிட்டிருந்தார்கள், அஞ்சறைப் பெட்டியில் மிளகோடு.

மிளகு, திப்பிலி, வால்மிளகு, வெற்றிலை எல்லாம் பைப்பர் என்ற ஒரே பேரினம். சுமார் 2000 இனங்கள் உண்டு. ஒருவித்திலை, இருவித்திலை என்று பள்ளியில் படித்த பாகுபாட்டுக்குள் இது சரியாக அடங்காது. செண்பகம், ஜாதிக்காய், சீத்தா ஆகியவற்றோடு சேர்ந்த பழைய கிளை. டைனோசர்கள் அழிவதற்குச் சற்று முந்தைய காலத்துப் பாறையில், கொலம்பியாவில், இந்தப் பேரினத்தின் இலைப்படிவம் கிடைத்திருக்கிறது. அசையாமல் நிற்கும் செடிக்குப் பூச்சிகளிடமிருந்து தப்ப இரசாயனம்தான் வழி. அதைப் பழகிக்கொள்ள பைப்பருக்கு நிறையவே அவகாசம் இருந்தது.

டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1819இல் மிளகிலிருந்து பைப்பரின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதைக் கண்டு உலகப் புகழ் பெற்றவரும் அவர்தான். ஒரு மிளகைக் கடித்துப் பாருங்கள்: மணம் கருந்தோலில், காரம் உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியில். தோல் நீக்கிய வெள்ளை மிளகில் மணம் குறைந்தும் காரம் குறையாததன் காரணம் இதுதான். பைப்பரின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது, நெய்யிலும் சாராயத்திலும் கரையும். பொங்கலுக்கு மிளகை நெய்யில் பொரித்துக் கொட்டும் கைக்கு இது தெரிந்தே இருந்தது. வெளிச்சம் பட்டால் மூலக்கூறு வடிவம் மாறிக் காரம் மங்கும் என்பதால், பொடித்த மிளகைக் கண்ணாடிப் புட்டியில் சன்னலோரம் வைக்கக் கூடாது. செடி பைப்பரினை எப்படிச் செய்கிறது என்பதோ வெகு காலம் பிடிபடவில்லை. கடைசிப் படியில் இரு துண்டுகளைக் கோத்துப் பைப்பரினாக முடிக்கும் நொதியை ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் 2021இல்தான் இனங்கண்டார்கள்.

மிளகு ஆய்வில் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொரு கேள்வி. சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகம் ஏன் இத்தனை சித்த மருந்துகளில் துணையாக வருகிறது? ஜம்மு வட்டார ஆய்வுக்கூடத்தில் சி. கே. அட்டலும் குழுவினரும் 1970களின் இறுதியில் இதைத் தோண்டினார்கள். தெரியவந்த விடை: பைப்பரின் பிற மருந்துகள் உடலில் சேர உதவுகிறது. குடல் சுவரும் கல்லீரலும் அந்நியப் பொருளைக் கழித்துத் தள்ளும் வேலையை அது மந்தப்படுத்துகிறது. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்க்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது மனிதர்களில் உட்கிரகிப்பு 2000 விழுக்காடு கூடியது. பின்னாளில் இந்தியாவில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைத்து, 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த மருந்தும் வந்தது. ஆனால் கதவைத் திறந்துவிடுபவன் ஆள் பார்த்துத் திறப்பதில்லை. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்கான ப்ரொப்ரனலால் போன்றவையும் இரத்தத்தில் ஏறும். ரசத்துக்கு அஞ்ச வேண்டாம். பைப்பரின் மாத்திரை வாங்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தனி மூலக்கூறே நோயைத் தீர்த்துவிடும் என்ற ஆசை மூலிகை ஆய்வைப் பலமுறை வழிதவற வைத்திருக்கிறது. திப்பிலியின் பைப்பர்லாங்குமின் புற்றணுக்களை மட்டும் தேர்ந்து கொல்கிறது என்று 2011இல் ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. 2018இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சேர்மம் பற்றிய ஆய்வு நின்றுவிடவில்லை. என்றாலும், அந்தப் பழைய செய்தியை மட்டும் நம்பித் திப்பிலிச் சூரணம் விற்பது நோயாளிக்குச் செய்யும் கொடுமை.

ஜொகூரில் எங்கள் வீட்டு வடிகால் ஓரம் தானாக முளைத்துக் கிடக்கிறது காடோக். இதய வடிவம், வெற்றிலையைவிடச் சிறியது, மழை நின்றதும் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். இதுவும் பைப்பர்தான்: பைப்பர் சார்மென்டோசம். வெற்றிலைபோல் கொம்பு பற்றி ஏறாமல் தரையிலேயே படரும் என்பதால், திடீரென்று உயர்ந்து தலைகால் புரியாமல் ஆடுபவரை ‘கொம்பேறிய காடோக்’ என்பார்கள் மலாய்க்காரர்கள். ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் காட்டு மிளகினங்கள் பலவற்றின் எண்ணெயைப் பகுத்து, நுண்ணுயிரிகளுக்கு எதிராகச் சோதித்திருக்கிறார்கள். அருமையான உழைப்பு. ஆனால் இத்தகைய ஆய்வு உலகெங்கும் பெரும்பாலும் சேர்மப் பட்டியலோடும் சோதனைத் தட்டோடும் நின்றுவிடுகிறது. காடோக்கை இங்கே யாரும் எண்ணெயாகக் குடிப்பதில்லை. நூல்போல் மெல்லியதாக அரிந்து, வறுத்த தேங்காய்ப்பூவும் மீனும் சேர்த்து, சூடான சோற்றில் பிசைந்து நாசி உலாமாக உண்கிறார்கள். தேங்காயின் கொழுப்பில் அந்த இலையில் உள்ள, பைப்பரின் வகையைச் சேர்ந்த அமைடுகள் எவ்வளவு இறங்குகின்றன, கூட உண்ணும் எதற்கெல்லாம் கதவு திறக்கின்றன என்பதை அந்தத் தட்டிலிருந்தே அளக்கத் தொடங்கலாம்.