37ஆம் வாரத்துக்குக் காத்திருக்கும் செயலியும் கற்பிட்டி வீதியும்

கர்ப்பகாலச் செயலிகளில் பெரும்பாலானவற்றில் மூன்று உறுப்புகள் உண்டு: வாரம் எண்ணும் நாட்காட்டி, ஆஸ்பத்திரிப் பைக்கான பட்டியல், நோவின் இடைவெளியை அளக்கும் கடிகாரம். நாட்காட்டியில் குறை சொல்ல அதிகமில்லை. கடைசி மாதவிலக்குத் தேதிக்குப் பதிலாக, கிளினிக் அட்டையில் ஸ்கேன் பார்த்துத் திருத்திய பிரசவத் தேதியைப் பதிந்தால் கணக்குச் சரியாகவே ஓடும். மற்ற இரண்டும் நிறைமாதப் பிள்ளையை மனதில் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வீடுள்ள பெண்ணுக்காகச் செய்யப்பட்டவை. புத்தளம் கரையோரத்தில், அதிலும் கற்பிட்டிக் குடாநாட்டில், இந்த இரண்டு ஊகங்களும் ஒரே இரவில் பொய்க்கலாம்.

முதலில் பட்டியல். பையை எப்போது அடுக்குவது என்பதற்கு வழக்கமான பதில் 36ஆம் வாரம், அல்லது பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்பு. 37 வாரம் நிறையுமுன் பிறப்பதைத்தான் குறைமாதப் பேறு என்கிறோம். ஆக, யாருக்குப் பை அவசரமாகத் தேவையோ அவர் வீட்டில் அந்த நேரம் பை இருக்காது. இது அபூர்வமான நிலையும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மட்டும் சுமார் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. ஏறத்தாழப் பத்துக்கு ஒன்று. உள்ளே வைக்கச் சொல்லும் பொருட்களும் அப்படித்தான்: மூன்று கிலோப் பிள்ளைக்கு அளவெடுத்த சட்டைகள். ஒன்றரைக் கிலோப் பிள்ளை அவற்றுக்குள் காணாமல் போய்விடும்.

கடிகாரத்தின் குறை இதைவிடப் பாரதூரமானது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோவு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணித்தியாலம் நீடித்தால் புறப்படு என்பது அதன் விதி. முதற்பேறு, நிறைமாதம், கிட்டவுள்ள ஆஸ்பத்திரி என்றால் அது நல்ல விதி. 31ஆம் வாரத்தில் அதே விதி ஆபத்து. அப்போது விட்டுவிட்டு வயிறு இறுகினாலும், நீர் கசிந்தாலும், இரத்தம் பட்டாலும் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே போகவேண்டும். காரணம், பிள்ளையின் நுரையீரலைத் தயார்படுத்தத் தாய்க்குப் போடும் ஸ்டீரொய்ட் ஊசி. 24 முதல் 34 வாரம் வரை பயன்படும் இந்த மருந்தைப் பல தவணையாகக் கொடுப்பார்கள். அது முழுதாக வேலைசெய்ய ஒரு நாளளவு வேண்டும். வீட்டில் கடிகாரம் தின்னும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த ஒரு நாளிலிருந்து கழிகிறது. சிறு எழுத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறோமே என்று செயலிக்காரர் சொல்லலாம். ஆனால் இது எத்தனையாவது வாரம் என்பது அதே செயலியின் நாட்காட்டிக்குத் தெரியும். பக்கத்து அறையில் இருக்கும் நாட்காட்டியிடம் கடிகாரம் ஒரு வார்த்தை கேட்காதது வடிவமைப்பின் பிழை.

இனி வீதி. கற்பிட்டியிலிருந்து பாலாவி வழியாகப் புத்தளத்துக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். புத்தளத்திலிருந்து சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போக இன்னும் ஏறத்தாழ 50. ஆகவே போனில் இருக்கவேண்டிய செயலி 1990 சுவசெரிய. 2016இல் இந்திய உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 முதல் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்த இலவச அம்புலன்ஸ் சேவை அது. அழைப்பவர் நிற்கும் இடத்தைச் செயலி காட்டும். ஆனாலும் பள்ளிவாசல், கோயில், இறங்குதுறை என்று அடையாளத்தை வாயாலும் சொல்லிவிடுவது நல்லது. வாசலில் நிற்கும் த்ரீவீலர் முந்திப் போய்விடாதா என்று கேட்பார்கள். சில வேளை முந்தும், கிட்டவுள்ள ஆஸ்பத்திரிவரை அதுவே போதும். ஆனால் த்ரீவீலரில் ஒட்சிசனும் இல்லை, நடுவழியில் பிள்ளை பிறந்தால் கைகொடுக்கப் பயிற்சி பெற்றவரும் இல்லை. பத்தலங்குண்டு போன்ற தீவுகளுக்கு எந்தச் செயலியும் படகாகாது. கரையைவிட்டுப் புறப்படுமுன் அழைத்தால் வண்டி கற்பிட்டியில் காத்திருக்கும். சோளகக் காற்றுக் காலத்தில் 28ஆம் வாரத்தோடு கரையிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது எல்லாச் செயலிகளையும்விட நம்பகமான ஏற்பாடு.

அப்படியானால் 28ஆம் வாரத்திலேயே அடுக்கிவைக்கவேண்டிய பைக்குள் என்ன? மேலே கிளினிக் அட்டையும் அடையாள அட்டையும். இரத்த வகை, பிரஷர், முந்திய சத்திரசிகிச்சை, ஸ்கேன் தேதி எல்லாம் கிளினிக் அட்டையில்தான் இருக்கின்றன. பிறகு முழுச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், தாய்க்கு முன்பக்கம் திறக்கும் சட்டைகள், துணி, நப்கின். பிள்ளைக்கு ஈரம் துடைக்க இரண்டு மெல்லிய துவாய், மிகச் சிறிய தொப்பி, காலுறை, தாயின் மார்போடு சேர்த்துக் கட்ட நீளமான பருத்தித் துணி. பையில் உள்ளவற்றில் மிகத் தேர்ந்த கருவி இந்தத் துணிதான் என்பேன். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்கியூபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் எட்கார் ரே தொடங்கிய கங்காரு பராமரிப்புக்கு வேண்டியது இவ்வளவே. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே இப்படி அணைக்கப்பட்ட எடை குறைந்த பிள்ளைகளின் மரணம் 25 வீதம் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. பால் போத்தலுக்குப் பையில் இடமில்லை. உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்குப் பிழிந்த தாய்ப்பாலைக் குழாயாலோ சிறு கிண்ணத்தாலோ வாட்டில் கொடுப்பார்கள்.

பிறக்குமுன் பிள்ளைக்குச் சாமான் சேர்க்கக்கூடாது என்று பெரியவர்கள் தடுப்பது இந்தப் பைக்குப் பொருந்தாது. இதில் கடையில் புதிதாக வாங்கியது அநேகமாகத் தொப்பி மட்டும். துணிகள் வீட்டில் துவைத்துக் காயவைத்த பழையவை. பத்தில் ஒன்பது பேருக்கு வீண் பயம்தானே என்பது இன்னும் நியாயமான கேள்வி. அந்த ஒன்பது பேரின் பை 28ஆம் வாரத்திலிருந்து மேலும் சில வாரம் அலுமாரிக்கு மேல் இருக்கும், அவ்வளவுதான். அதில் பழுதாகக்கூடியவை இரண்டு: பவர் பேங்கின் சார்ஜ் இறங்கும், கிளினிக்குக்கு எடுத்துப்போன அட்டை திரும்பிப் பைக்கு வராமல் மேசையிலேயே கிடக்கும்.