மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை

கணித மேதை ராமானுஜன் 1907-ல் எப்.ஏ. பரீட்சையில் கோட்டடித்த கதையைச் சொல்லாத மேடை நம்மிடத்தில் இல்லை. சொல்கிறவர்கள் பரீட்சையை நாலு திட்டுத் திட்டிவிட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். கல்லூரியில் இரண்டே வருஷம் படித்து நின்றுவிட்ட எனக்கும் அந்தத் திட்டு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பாதிக் கதை. மறு பாதியில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

சென்னை சர்வகலாசாலை 1857-ல் பிறந்தபோது லண்டன் சர்வகலாசாலையைப் பார்த்துச் செய்யப்பட்டது. பாடம் சொல்லிக் கொடுப்பது கல்லூரிகளின் பாடு. பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும் சர்வகலாசாலையின் பாடு. ஆகவே அதை நிர்வகித்த சிண்டிகேட்டின் கண்ணுக்கு மாணவன் என்றால் ஒரு நம்பர். ஆசிரியர் என்றால் அவர் கல்லூரியில் தேறியவர்களின் தொகை. கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் ராமானுஜனின் கணக்கைப் பார்த்து வியந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அந்த வியப்பைக் குறிப்பதற்கு மார்க்குப் பட்டியலில் இடம் இல்லை.

1904-ல் கர்ஸன் பிரபு காலத்தில் புதிய சட்டம் வந்தது. கல்லூரிகளைப் பார்வையிடும் அதிகாரமும், ஆராய்ச்சியை வளர்க்கும் பொறுப்பும் சர்வகலாசாலைக்குக் கிடைத்தன. காகிதத்தில் கிடைத்ததைக் காரியத்தில் பார்க்க 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்போது ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா. கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வந்திருந்தது. வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கரும் சர்வகலாசாலைக்குச் சிபாரிசு எழுதினார். கணிதப் பாடக் குழு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுக்கலாம் என்றது. ஏப்ரலில் சிண்டிகேட் கூடியது. விதி எம்.ஏ. பட்டம் கேட்டது, இவரோ எப்.ஏ. கூடத் தேறாதவர். ஆராய்ச்சியை வளர்ப்பதும் சர்வகலாசாலையின் நோக்கம் என்று சட்டத்தின் முகவுரையே சொல்வதை ஹைகோர்ட் நீதிபதி சுந்தரமையர் எடுத்துக் காட்டினாராம். இரண்டு வருஷத்துக்குப் பணம் கிடைத்தது.

சும்மா கொடுத்துவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, செய்த வேலையை எழுதிப் பாடக் குழுவிடம் தர வேண்டும் என்பது நிபந்தனை. ராமானுஜனும் கப்பலேறுவதற்கு முன் மூன்று அறிக்கைகள் தந்தார். பல வருஷங்களுக்குப் பின்னும் கணித அறிஞர்கள் அவற்றை உட்கார்ந்து படித்தார்கள்.

என் அபிப்பிராயத்தில், மேற்பார்வை என்றால் இதுதான். பாடம் தெரிந்தவர்கள், செய்த வேலையையே கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். விதியின் எழுத்தைவிட அதன் நோக்கத்தைப் பெரிதாக மதித்தார்கள். நிபந்தனை போட்டது அவமதிப்பல்ல. 'நீ செய்வதை நாங்கள் படிப்போம்' என்று கொடுத்த வாக்கு அது.

ஆனாலும் சிண்டிகேட்டை முழுக்கப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஹார்டியின் கடிதம் வராமல் போயிருந்தால்? கும்பகோணத்து ஆசிரியர் ஒருவரின் வார்த்தைக்காக மட்டும் அந்தக் கூட்டம் முகவுரையைப் புரட்டியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். வகுப்பில் நின்று பார்க்கிற உள்ளூர்க் கண்ணுக்கு இல்லாத மதிப்பு, கடல் தாண்டி வந்த கையெழுத்துக்கு இருந்தது. மேற்பார்வை செய்கிற சபைக்கு இதைவிடப் பெரிய குறை வேண்டியதில்லை.

இன்று கல்லூரிகளுக்குத் தரம் போட 1994-ல் ஏற்பட்ட 'நாக்' அமைப்பு இருக்கிறது. வருஷா வருஷம் அறிக்கைகள் போகின்றன. அறிக்கை போவதில் தவறில்லை, ராமானுஜனும் அனுப்பினார். நிர்வாக சபைகளில் இருக்கும் பெரியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வருகிற அறிக்கையை யார் படிக்கிறார்கள்? பட்டியலில் அடங்காத ஒரு பையனைப் பற்றி ஓர் ஆசிரியர் இரண்டு வரி எழுதினால், அதற்காக ஒரு கூட்டம் கூடுமா?

கூடும் என்று சொல்ல முடிந்தால், பரீட்சையைத் திட்டுவதை நானும் நிறுத்திக் கொள்கிறேன்.