அலமாரிக்கான எண்ணால் ஆளை அளக்கலாமா?

கல்லூரி நூலகத்தில் இருக்கும் பணத்துக்குள் எந்தெந்த ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டுவது என்ற கேள்வியிலிருந்துதான் மேற்கோள் கணக்கு பிறந்தது. 1927-இல் அமெரிக்காவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த இருவர், அமெரிக்க வேதியியல் கழக இதழின் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் அடிக்குறிப்புகளில் எந்த இதழ் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார்கள். அதிகம் தேடப்படும் இதழை முதலில் வாங்கலாம் என்பது அவர்கள் கண்ட விடை. யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்தார். 1960களின் தொடக்கத்தில் இர்விங் ஷெருடன் சேர்ந்து அவர் தாக்கக் காரணியை (இம்பாக்ட் ஃபேக்டர்) வகுத்தபோது, அந்த அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. மேற்கோள்களின் மொத்தத்தை மட்டும் பார்த்தால், கட்டுரைகளை மலையாகக் குவிக்கும் பெரிய இதழ்களே மேலே நிற்கும். கொஞ்சமாக வெளியிட்டாலும் கூர்ந்து படிக்கப்படும் சிறிய இதழ்கள் விடுபட்டுப்போகும். அந்தக் குறையை நீக்கவே கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தார்கள். இன்றைய கணக்கும் அதுதான்: 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் ஓர் இதழில் வந்தவற்றுக்கு 2023-இல் கிடைத்த மேற்கோள்களை, அவ்விரு ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரைகள், மீள்பார்வைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2023-க்கான தாக்கக் காரணி வந்துவிடும்.

நூலகருக்கு இது நல்ல அளவு. ஓர் இதழ் தன் துறையில் எவ்வளவு புழங்குகிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. பதிப்பகத்தாரின் விளம்பரத்தை நம்பிச் சந்தா கட்ட வேண்டியதில்லை. அந்த இடத்தில் இருக்கும்வரை இதில் குறைகாண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் இதழ்களைத் தேர்ந்தெடுக்கப் பிறந்த இந்த எண், இன்று மனிதர்களைத் தேர்ந்தெடுக்கிறது. வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாம் இதைப் பார்த்து முடிவாகின்றன. ஓர் இதழின் சராசரியை அதில் எழுதிய ஒருவரின் மதிப்பெண்ணாக்குவதைக் கணக்கும் ஏற்காது, நியாயமும் ஏற்காது.

கணக்கு ஏன் ஏற்காது என்பதற்கு ‘ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா’ இதழின் ஏ பிரிவுக்கு நேர்ந்தது தெளிவான சான்று. 2008-இல் அதன் தாக்கக் காரணி 2.051. மறு ஆண்டு அது 49.926 ஆனது, அந்த ஆண்டு ‘நேச்சர்’ இதழுக்குக்கூட 34 சொச்சம்தான். ஆசிரியர் குழு மாறிவிடவில்லை, கட்டுரைகளின் தரம் ஓராண்டில் இருபத்து நான்கு மடங்கு உயர்ந்துவிடவும் இல்லை. படிகங்களின் அணு அமைப்பைக் கண்டறிய உதவும் ஷெல்எக்ஸ் நிரல்களின் வரலாற்றை ஜார்ஜ் ஷெல்ட்ரிக் 2008-இல் அந்த இதழில் எழுதியிருந்தார். நிரல்களைப் பயன்படுத்துகிறவர்கள் இந்தக் கட்டுரையையே மேற்கோளாகக் காட்டலாம் என்று அதன் சுருக்கத்திலேயே சொல்லியிருந்தார். உலகெங்கும் படிகவியலாளர்கள் அப்படியே செய்தார்கள். ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள் குவிந்தன. இரண்டு ஆண்டுச் சாளரத்தை அந்தக் கட்டுரை கடந்ததும், 2011-இல் காரணி பழையபடி 2-க்கு இறங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த இதழில் எழுதியவர்கள் எல்லோரும் தங்கள் தன்விவரக் குறிப்பில் 49 என்று போட்டுக்கொள்ள முடிந்தது. ஷெல்ட்ரிக்கின் உழைப்புக்கும் அவர்கள் கட்டுரைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இது அபூர்வமான விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது. அளவில்தான் அபூர்வம், தன்மையில் அன்றாடம். வின்சென்ட் லாரிவியரும் சில இதழாசிரியர்களும் 2016-இல் புகழ்பெற்ற இதழ்கள் சிலவற்றின் மேற்கோள்களைக் கட்டுரைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ இரண்டிலுமே ஏறக்குறைய நான்கில் மூன்று கட்டுரைகள் அந்தந்த இதழின் தாக்கக் காரணியைவிடக் குறைவான மேற்கோள்களையே பெற்றிருந்தன. சில கட்டுரைகள் வாரிக் கொடுக்கின்றன, மற்றவை அந்த வெளிச்சத்தில் நிற்கின்றன. இவ்வளவு கோணலான பரவலுக்குச் சராசரி எடுப்பதே தவறான தொடக்கம். அந்தச் சராசரியை வைத்து எந்த ஒரு தனிக் கட்டுரையையும் மதிப்பிட்டால், பெரும்பாலும் தவறாகத்தான் முடியும்.

வகுக்கும் எண்ணிலும் ஒரு நழுவல் உண்டு. மேலே எண்ணப்படும் மேற்கோள்களில் தலையங்கம், வாசகர் கடிதம் ஆகியவற்றுக்குக் கிடைத்தவையும் சேரும். கீழே வகுக்கும்போது அவை எண்ணப்படுவதில்லை. எதை ‘கட்டுரை’ என்று எண்ணுவது என்பது மேற்கோள் அட்டவணையை வெளியிடும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ‘பிளாஸ் மெடிசின்’ இதழின் ஆசிரியர்கள் 2006-இல் இதை வெளிப்படையாகவே எழுதினார்கள்: நிறுவனத்தோடு நடந்த பேச்சில், எவற்றை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே கட்டுரைகளுக்குத் தங்கள் காரணி 3-க்கும் கீழிருந்து 11 வரை ஊசலாடியதாம். இப்படி நெகிழும் எண்ணைத்தான் மூன்று தசம இடங்கள் வரை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள்; 2023-இல்தான் ஒரு தசமமாகக் குறைத்தார்கள்.

நியாயம் ஏன் ஏற்காது என்பதற்குப் பிரேசிலைப் பார்க்கலாம். அங்கே பட்டமேற்படிப்புத் துறைகளை மதிப்பிடும் அரசு அமைப்பு, ஆசிரியர்கள் எழுதும் இதழ்களின் தாக்கக் காரணியையும் கணக்கில் எடுத்தது. உள்நாட்டு இதழ்களின் காரணி தாழ்ந்திருந்ததால் நல்ல கட்டுரைகள் வெளிநாடு போயின. நல்ல கட்டுரை வராததால் காரணி மேலும் தாழ்ந்தது. இந்தச் சுழலிலிருந்து தப்ப, சில மருத்துவ இதழ்கள் ஒன்றின் கட்டுரைகளை மற்றொன்று கொத்துக் கொத்தாக மேற்கோள் காட்ட ஏற்பாடு செய்துகொண்டன. 2013-இல் அது அம்பலமாகி, நான்கு பிரேசில் இதழ்கள் தரவரிசையிலிருந்து இடைநிறுத்தப்பட்டன. செய்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்கு அவர்களை நெருக்கித் தள்ளியது, இதழின் எண்ணை ஆளின் பிழைப்போடு முடிச்சுப்போட்ட விதி.

அதே முடிச்சு இந்தியாவிலும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில், தாக்கக் காரணி இல்லாத இதழில் வந்த கட்டுரைக்குக் கூடுதலாக 5 புள்ளி. காரணி 10-க்கு மேலிருந்தால் 30 புள்ளி. கட்டுரையில் என்ன இருக்கிறது என்று அந்த அட்டவணை எங்குமே கேட்கவில்லை. உயிரணு உயிரியலில் மேற்கோள்கள் இரண்டே ஆண்டுகளில் வந்து குவியும். கணிதத்தில் ஒரு நல்ல தேற்றத்தைப் பிறர் பயன்படுத்தத் தொடங்கவே அதற்கு மேல் ஆகலாம். தமிழியல் ஆய்வாளரின் நிலை இன்னும் கடினம். ஒரு கல்வெட்டு வாசிப்பையோ சங்கப் பாடலின் பாடவேறுபாட்டையோ பற்றித் தமிழில் எழுதினால், அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் நூல்களில்தான் காட்டுவார்கள், அதுவும் பல ஆண்டுகள் கழித்து. ஆங்கில இதழ்களை மையமாகக் கொண்ட இரண்டு ஆண்டுச் சாளரத்தில் அது தென்படவே தென்படாது. காரணிக்கான இந்தப் பசியைப் பார்த்துத்தான், பணம் வாங்கிக்கொண்டு போலிக் காரணிகளை வழங்கும் கடைகளும் முளைத்தன.

‘இம்பாக்ட் ஃபேக்டரும் இல்லாவிட்டால் சிபாரிசுதானே ஆளும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய இடத்துத் தொடர்பு எதுவும் இல்லாத ஓர் இளம் ஆய்வாளருக்கு, தேர்வுக் குழுவின் முன் நீட்டிக் காட்ட ஓர் எண்ணாவது இருப்பது உண்மையான பாதுகாப்பு. ஆனால் இத்தாலியும் இதே நம்பிக்கையோடுதான் போனது. பேராசிரியர் நியமனங்களில் புரையோடியிருந்த சிபாரிசை ஒழிக்க, 2010-இன் சட்டத்தை ஒட்டித் தேசியத் தகுதித் தேர்வில் மேற்கோள் எண்களை வரம்பாக வைத்தார்கள். அதற்குப் பின், ஒரு நாட்டு ஆய்வாளர்கள் தங்களையும் தங்கள் நாட்டவரையும் மேற்கோள் காட்டும் விகிதம் இத்தாலியில் சட்டென ஏறியதை ஆல்பெர்டோ பச்சினியும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் காட்டினார்கள். ஒப்பிட்ட மற்ற வளர்ந்த நாடுகளில் அப்படியொரு ஏற்றம் இல்லை. சிபாரிசு ஒழியவில்லை, அடிக்குறிப்புக்குள் குடியேறிவிட்டது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

உயர்ந்த காரணியுள்ள இதழ் கடுமையாக வடிகட்டுகிறது, அதில் இடம்பிடிப்பதே ஒரு தகுதிதானே என்பது அடுத்த வாதம். ஓரளவு உண்மை. ஆனால் ஃபெரிக் ஃபாங், ஆர்ட்டுரோ கசாடெவால் இருவரும் 2011-இல் ஆராய்ந்தபோது, காரணி உயர உயரத் திரும்பப் பெறப்படும் கட்டுரைகளின் விகிதமும் உயர்வதைக் கண்டார்கள். அங்கே கண்கள் அதிகம், அதனால் பிழை சீக்கிரம் பிடிபடுகிறது என்று சொல்லலாம். அதை மறுக்க மாட்டேன். அப்படியானாலும், இதழின் பெயர் கட்டுரைக்குப் பிணை நிற்காது என்பது உறுதியாகிறது.

எஞ்சுவது உழைப்பு பற்றிய தடை: எல்லாக் கட்டுரைகளையும் யார் உட்கார்ந்து படிப்பது? பிரிட்டன் படிக்கிறது. அதன் 2021 தேசிய ஆய்வு மதிப்பீட்டில் 157 நிறுவனங்கள் அனுப்பிய 1,85,000-க்கும் மேற்பட்ட ஆக்கங்களைத் துறை வல்லுநர் குழுக்கள் மதிப்பிட்டன. இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. அதற்கு ஆன செலவு சுமார் 47 கோடி பவுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு நாடு முழுவதையும் அப்படி அளப்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் ஓர் உதவிப் பேராசிரியர் பணிக்கான தேர்வுக் குழு நாட்டை அளக்கவில்லை. இறுதிச் சுற்றுக்கு வரும் ஐந்தாறு பேரிடம், தங்கள் ஆய்வில் சிறந்தவை என்று அவர்களே கருதும் மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்கி, நேர்காணலுக்கு முன் குழுவினர் படித்துவிட்டு வருவதற்குக் கோடிகள் தேவையில்லை. யார் எதைப் படித்தார்கள், ஏன் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை எழுதி வைத்து, கேட்கிற விண்ணப்பதாரருக்குக் காட்டினால், சிபாரிசுக்கு அஞ்சுகிறவருக்கு எண் தரும் பாதுகாப்பைவிட வலுவான பாதுகாப்பு கிடைக்கும். மானியக் குழுவின் புள்ளி அட்டவணையிலிருந்து அந்த 5, 30 வரிசையை நீக்குவதற்கு ஓர் அறிவிக்கை போதும்.