பரணும் பீலியும்

சிதம்பரத்துத் தேர் வீதிகளில் ஆருத்ரா தரிசனத்துக்கு உறவினர் வருவார்கள். அவர்களுக்காகத் திண்ணையும் கூடமும் கழுவியாகிவிடும். போகிக்கு மிஞ்சுவது யார் கண்ணிலும் படாத இடங்கள்தான்: பரண், உத்திரத்தின் மேல்பக்கம், சாமி படங்களின் முதுகு, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து. ஒட்டடைக் கம்பைக் கட்டி, மூக்கில் துணி சுற்றி, ஏணி போட்டு ஏறினால் கிழிந்த பாய், கைப்பிடி போன குடை, பூச்சி அரித்த பஞ்சாங்கக் கட்டு எல்லாம் இறங்கும். வேண்டாதவை மறுநாள் விடிகாலைத் தீக்குப் போகும்.

இந்த வேலை மார்கழி முடிவில் வருவதற்கு மழையும் ஒரு காரணம். கடலூர் மாவட்டத்துக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக்காற்று. சுவர் ஓதம் ஏறி, துணி பூஞ்சை பிடித்து, மரத்தில் கரையான் புற்று வைத்திருக்கும். வெயில் திரும்பியதும் வீட்டைக் கவிழ்த்துக் காயவைத்தே ஆக வேண்டும். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மழைக்காலம் இதுதான், தைப்பொங்கலும் அதே நாள்தான். ஆனால் அவர்கள் துப்புரவைத் தொடங்கும் இடம் வேறு.

யாழ்ப்பாணத்துக்கும் சிதம்பரத்துக்கும் உறவு பழையது. ஆறுமுக நாவலர் 1864-இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இன்றும் அங்கிருந்து நடராசரைத் தரிசிக்க வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்து எங்கள் வீட்டில் தங்கிய ஓர் அம்மா, நான் பரணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாங்கள் பொங்கலுக்கு முதல் வளவைத்தான் பாப்பம் பிள்ளை. முற்றத்திலதானே பொங்கிறது. பீலிக்குள்ள சருகு அடைச்சுக் கிடந்தா அதை எடுத்துப்போட்டுத்தான் மற்ற வேலை."

வளவு என்பது வீட்டைச் சுற்றியுள்ள மனை. பீலி என்பது கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகர வாய்க்கால். எங்கள் வீட்டிலும் அது இருக்கிறது. எத்தனையோ போகிகளில் நான் பரணுக்கு ஏறியிருக்கிறேன், அதை எட்டிப் பார்த்ததே இல்லை.

நமக்குப் போகி என்றால் பழையதைக் கழித்துத் தீயிலிடுவது. யாழ்ப்பாணத்தில் அந்தத் தீ பெரிய வழக்கமில்லை. அங்கே முற்றமும் கிணற்றடியும் வேலியோரமும் கூட்டித் துப்புரவாக வேண்டும். நாம் கொட்டாங்குச்சி என்பதை அவர்கள் சிரட்டை என்பார்கள். அது நீர் தேங்கும்படி வாய் மல்லாந்து கிடக்கக்கூடாது. தென்னிலங்கைச் சிங்கள வீடுகளில் பெருந்துப்புரவு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருகிறது. சுவருக்கு வண்ணம் பூசி, பழைய நெருப்பை அணைத்து அடுப்பைத் துடைத்துவைத்து, சுபநேரத்தில் புதிதாக மூட்டுகிறார்கள்.

இலங்கையில் வீட்டுக்கு வெளியே போன இந்தக் கண்ணை டெங்கு இன்னும் கூர்மையாக்கியது. கொசுவுக்கு அங்கே நுளம்பு என்று பெயர். 2007-இல் வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், வளவில் நுளம்பு பெருகாமல் காப்பதை வீட்டுக்காரரின் கடமையாக்கியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உள்ளே வந்து பார்க்கலாம், வழக்கும் போடலாம். 2017-இல் அந்நாட்டில் 1,86,000-க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள், 400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதன் பிறகு பீலியில் தேங்கும் ஒரு கை நீரை யாரால் அற்பமாக நினைக்க முடியும்?

தமிழ்நாட்டிலும் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் டார்ச்சோடு வந்து தண்ணீர் டிரம்மைத் திறந்து பார்க்கிறார்கள். நாமோ அவர்கள் போகும்வரை பொறுத்திருந்து பழையபடி மூடிவைக்கிறோம். குழாயில் நேரம் பார்த்துத் தண்ணீர் வரும் தெருக்களில் டிரம் இல்லாமல் குடும்பம் நடக்காது. அதனால் அதைத் தேய்த்துக் கழுவும் கவனமும் கூடுதலாக வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில். நீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி நீர் தொட்டதும் பொரியும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். பொரிந்த முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஃபிரிட்ஜின் பின்னால் நீர் சொட்டும் தட்டும், பூந்தொட்டியின் அடித்தட்டும், மாடியில் போட்ட பழைய டயரும் அடுத்த போகிக்குக் காத்திருக்க முடியாதவை.

தூசிக்கு ஆண்டுக் கணக்கு, தண்ணீருக்கு வாரக் கணக்கு. யாழ்ப்பாணத்து அம்மாவின் பேச்சிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது. நம் பரண் வேலையிலும் அவர்களுக்குக் கொடுக்க ஒன்று உண்டு. காணிப் பத்திரமும் தாத்தாவின் ஏடும் கரையானுக்குத் தப்புவது, ஆண்டுக்கொரு முறையாவது ஒரு கை அவற்றை வெயிலுக்கு எடுத்து வருவதால்தான். டயரையும் பிளாஸ்டிக்கையும் போகித் தீயில் போடுவதை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும். தெருவைப் புகையாக்கிவிட்டு வீட்டைத் துப்புரவு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

போன போகிக்குப் பரணிலிருந்து இறங்கிய பிறகு ஏணியை மடக்கி வைக்கவில்லை. வெளியே கொண்டுபோய் இறவாரத்தில் சாய்த்து ஏறினேன். பீலியில் வேப்பஞ்சருகு கறுத்து மக்கிக் கிடந்தது. அடியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.