நால்வாய் கடந்த கதை

துப்பறியும் கதைகளில் ஊறிய வாசகர் ஒருவர் வில்லியம் ஃபாக்னரின் ‘அப்சலோம், அப்சலோம்!’ என்ற நாவலைக் கையில் எடுப்பாராயின், சில பக்கங்களுக்குள்ளாகவே தாம் ஏமாற்றப்பட்டுவிட்டதாக எண்ணக்கூடும். ஏனெனில், கொன்றவன் யார், மாண்டவன் யார் என்ற ரகசியத்தை, இதர ஆசிரியர்கள் கடைசிப் பக்கம் வரை பொத்திப் பொத்தி வைப்பார்களே, அதை இவர் முதல் அத்தியாயத்திலேயே அலட்சியமாக எடுத்து வீசிவிடுகிறார்.

விருத்தாந்தம் இதுதான். அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி மாநிலத்தில், ஆசிரியர் கற்பனையில் சமைத்த ஜெஃபர்சன் என்னும் சிற்றூருக்கு 1833-ல் எங்கிருந்தோ குதிரையேறி வந்த தாமஸ் சட்பென், செவ்விந்தியரிடமிருந்து நூறு சதுர மைல் நிலத்தைப் பெற்று, அடிமைகளின் உழைப்பால் மாளிகை எழுப்பி, உள்ளூர்ப் பெண்ணை மணந்து, தன் பெயர் சொல்ல ஒரு வம்சத்தை நாட்டப் பார்க்கிறான். 1865-ல், உள்நாட்டுப் போரில் தெற்கு தோற்றுப்போன வேளையில், அவன் மகன் ஹென்றி, தங்கை ஜூடித்துக்கு மணாளனாக நிச்சயிக்கப்பட்டவனும் தன் உயிர்த்தோழனுமாகிய சார்லஸ் பானை, அந்த மாளிகை வாயிலிலேயே சுட்டு வீழ்த்துகிறான். ஏன் சுட்டான்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை அத்தியாயங்களும்.

1936-ல் வெளிவந்த இந்நூலைப் படிக்கப் புகுவோருக்கு என் முதல் யோசனை, பின்னால் அச்சிட்டிருக்கும் காலவரிசைப் பட்டியலையும் வம்சாவளியையும் முதல் வாசிப்பில் திரும்பியும் பார்க்க வேண்டாம் என்பதே. அவை ஆசிரியரே தந்தவைதாம். ஆயினும் முடிச்சை முன்கூட்டியே அவிழ்த்துவிடும். அன்றியும், பழைய பதிப்புகளில் அந்தப் பட்டியல் நாவலோடு சில இடங்களில் முரண்படவும் செய்கிறது.

பட்டியலுக்குப் பதிலாகக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பாகவதர் ராமாயணம் சொல்லும்போது ராமன் காட்டுக்குப் போவான் என்பது தெரிந்தும் நாம் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டதில்லையா? ஆனால் ஒரு பேதம்: பாகவதருக்குக் கதை தெரியும்; இங்கே சொல்பவர் எவருக்கும் முழுக்கத் தெரியாது. 1909 செப்டம்பரில், சாளரங்களை அடைத்துப் போட்ட புழுக்கமான அறையில், நாற்பத்துமூன்று ஆண்டுகளாகக் கறுப்பு உடையே உடுத்திவரும் ரோசா கோல்ட்ஃபீல்ட், குவென்டின் என்ற இளைஞனை உட்காரவைத்துப் பேசுகிறாள். சட்பெனின் மைத்துனியான அவள், அவனால் அவமானப்பட்டவள்; ஆகவே அவள் வாயில் அவன் ஓர் அரக்கன். அதே நாள் மாலை, சுருட்டுப் புகையும் பூக்கொடியின் மணமும் கலந்த தாழ்வாரத்தில் அமர்ந்து, குவென்டினின் தந்தை அதே கதையை ஒரு கிரேக்க சோகநாடகம் போலச் சொல்கிறார். நியூ ஆர்லியன்ஸில் பானுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்ததுதான் கொலைக்குக் காரணம் என்று ஊகித்துவிட்டு, அந்தக் காரணம் போதவில்லை என்று தாமே ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். அடுத்த ஜனவரியில், பனி உறைந்த ஹார்வர்டு விடுதி அறையில், குவென்டினும் கனடா தேசத்து நண்பன் ஷ்ரீவும் மிச்சத்தைத் தாங்களே புனைந்து நிரப்புகிறார்கள். அந்த இறுதிக் காரணத்தை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அதுவும் குளிரில் விடிய விடிய விழித்திருந்த இரண்டு மாணவர்களின் வாக்குமூலம் என்பதை மறவாதிருங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும், ‘இதை இவர் யாரிடம் கேட்டார்?’ என்று நிறுத்திக் கேட்பது பெரிய சுவாரஸ்யம் தரும். சிறு வயதில் ஒரு செல்வந்தர் வீட்டுக்குத் தகப்பன் சொல்லியனுப்பிய செய்தியோடு போன சட்பெனை, முன்வாசலில் நின்ற கறுப்புப் பணியாள் ‘பின்பக்கமாகப் போ’ என்று விரட்டுகிறான். அந்தச் சிறுவனின் மனத்தில் அன்று விழுந்த வடுவிலிருந்துதான் மாளிகையும் வம்ச வெறியும் முளைத்தன. இதைச் சட்பென் குவென்டினின் பாட்டனாருக்குச் சொல்ல, அவர் மகனுக்குச் சொல்ல, மகன் குவென்டினுக்குச் சொல்ல, குவென்டின் ஷ்ரீவுக்குச் சொல்கிறான். இப்படி நான்கு வாய் கடந்து வரும் கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்று பிரித்தறிய முயல்வதே இந்நாவலை ரசிக்கும் வழி. அடிமைப் பெண்ணொருத்தியிடம் சட்பெனுக்குப் பிறந்து அந்த வீட்டிலேயே ஆயுளைக் கழித்த கிளைட்டிக்கு எல்லாமே தெரிந்திருக்கக்கூடும். ஆனால் கதை சொல்லும் பொறுப்பை அவளிடம் மட்டும் எவரும் கொடுக்கவில்லை. இது என் மனத்தில் நெடுநாள் உறுத்திய விஷயம்.

வாக்கியங்கள் பக்கக் கணக்கில் நீளும். ஒன்று ஆயிரம் சொற்களையும் தாண்டுகிறது. எழுவாயைத் தேடித் தவிக்க வேண்டாம். உரக்கப் படித்தால் பேசுகிறவரின் மூச்சே வழிகாட்டும்.

முடித்தபின் முதல் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். அந்தச் செப்டம்பர் நாளின் நள்ளிரவிலேயே ரோசாவும் குவென்டினும் இடிந்த மாளிகைக்குப் போய்வந்தார்கள். அங்கே அவன் கண்டதை ஆசிரியர் கடைசி அத்தியாயம் வரை சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார். ஹார்வர்டு அறையில் அவன் படுக்கையில் கிடந்து உடல் வெடவெடக்க நடுங்குகிறான். குளிரோ என்று ஷ்ரீவ் விசாரிக்கிறான்.